5 கிலோவாட்டுக்குள் ஒரு தீவு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் எக் என்றொரு தீவு. அங்கே வீட்டுச் சமையலறைகளில் ஒரு சின்னத் திரை இருக்கும். இந்த நிமிடம் வீட்டில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். கெட்டிலைப் போட்டால் எண் சட்டென்று 3 கிலோவாட் பக்கம் போகும். வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கத் தொடங்கினால் இன்னொரு 2 ஏறும். அந்த நேரம் பார்த்து யாராவது மின்னடுப்பையும் போட்டுவிட்டால் மொத்த வீட்டுக்கும் கரண்ட் போய்விடும். மின்சாரத்தைக் கவனித்துக்கொள்ளும் ஊர்க்காரர் ஒருவர் வந்துதான் திரும்பப் போட்டுவிட வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு. கெட்டில் கொதிக்கட்டும், அப்புறம் துணியைப் போடலாம் என்று முறை வைத்துக்கொள்வது அங்கே பழகிப்போன விஷயம்.

வீட்டுக்கு 5 கிலோவாட். கடை, விடுதி போன்ற தொழிலிடங்களுக்கு 10 கிலோவாட். பெரிய வீடு, சின்ன வீடு என்ற வித்தியாசம் கிடையாது. இந்த உச்சவரம்பை எந்த அரசாங்கமும் விதிக்கவில்லை. மின் நிலையமும் கம்பியும் ஊருக்கே சொந்தம் என்பதால் ஊரே கூடிப் பேசி வைத்துக்கொண்ட அளவு இது. கேட்கும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் 1997 வரை இந்தத் தீவில் குடியிருந்தவர்களில் பலருக்குத் தங்கள் தலைக்கு மேலிருந்த கூரை அடுத்த வருடம் தங்களுடையதாக இருக்குமா என்றுகூடத் தெரியாது. அந்த நிலையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த வழியைப் புரிந்துகொள்ள, தீவின் பாறையிலிருந்தே தொடங்க வேண்டும்.

எக் என்ற பெயர் முட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போலவே ஒலிக்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் வெட்டு, பள்ளம் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். ரம், மக், கன்னா ஆகிய மூன்றையும் சேர்த்து 'சிறு தீவுகள்' என்று அழைக்கப்படும் கூட்டத்தில் எக்கும் ஒன்று. நீளம் சுமார் 9 கிலோமீட்டர், அகலம் 5, பரப்பு 31 சதுர கிலோமீட்டர். பெருநிலக் கரையிலுள்ள மாலேக் துறைமுகத்தில் படகு ஏறினால் நேராக வரும் நாளில் ஒன்றேகால் மணி நேரப் பயணம்.

படகு நெருங்கும்போது முதலில் கண்ணில் படுவது ஆன் ஸ்கூர் என்ற குன்று. உயரம் 393 மீட்டர்தான். பக்கத்துத் தீவான ரம்மில் 812 மீட்டர் மலை இருக்கிறது. ஆனாலும் நேர் செங்குத்தாக, கப்பலின் முன்பக்கம் போல் நிமிர்ந்து நிற்பதால் ஆன் ஸ்கூரைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. இது பிட்ச்ஸ்டோன் என்ற கறுத்த, கண்ணாடித் தன்மையுள்ள எரிமலைப் பாறை. ஏறக்குறைய 5.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு இருந்தது. எரிமலையிலிருந்து வந்த குழம்பு அந்தப் பள்ளத்தை நிரப்பி இறுகியது. பின்னால் கோடிக்கணக்கான ஆண்டுகளில், இருபுறமும் கரையாக இருந்த மென்மையான பாறைகள் தேய்ந்து போயின. பள்ளத்தை அடைத்த கடினமான பாறை மட்டும் நின்றுவிட்டது. அன்றைய பள்ளத்தை அடைத்ததுதான் இன்றைய குன்றின் முதுகு. பாறைக்கு அடியில் அந்தப் பழைய ஆற்றின் கூழாங்கற்களும், கல்லாகிப் போன மரத்துண்டுகளும் கிடைத்திருக்கின்றன.

மேற்குக் கரையில் இன்னொரு அதிசயம். கமாஸ் ஸ்கியோட்டெய்க் என்ற சிறிய விரிகுடாவில் மணல் முழுக்கக் குவார்ட்ஸ் துகள்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில் அதன்மேல் காலை இழுத்து நடந்தால் மணல் கீச்சென்று குரல் கொடுக்கும். ஈரமாக இருந்தால் சத்தம் வராது. 'பாடும் மணல்' என்றே அதற்குப் பெயர். அங்கிருந்து தெற்கே லேய்க் விரிகுடா, அதற்கு மேலே கிளேடேல் என்ற வளமான சரிவு. பின்னால் மதிலைப் போல எரிமலைப் பாறை உயர்ந்து கீழைக்காற்றைத் தடுப்பதால் தீவின் நல்ல விளைநிலம் இங்கேதான் இருக்கிறது.

இவ்வளவு சின்ன நிலத்தில் மனிதர்களின் தடமும் ஆழமானது. அயர்லாந்திலிருந்து வந்த டொன்னன் என்ற துறவி இங்கே மடம் வைத்திருந்தார். கி.பி. 617-ல் அவரும் உடனிருந்த 52 பேரும் கொல்லப்பட்டார்கள். கிழக்குக் கரையில் கில்டொன்னன் என்ற இடப்பெயரில் அவர் இன்னும் இருக்கிறார்.

தெற்குக் கரையில் ஒரு குகை. வாய் மிகச் சிறியது, குனிந்தும் தவழ்ந்தும்தான் நுழைய முடியும். உள்ளே போனால் அகன்றுவிடும். 1577-ல் மக்லியோட் குலத்தார் பழி தீர்க்கப் படையோடு வந்தபோது தீவின் மக்டொனால்டுகள் இதற்குள் ஒளிந்துகொண்டதாக வழிவழிக் கதை. படை போய்விட்டதா என்று பார்க்க வெளியே வந்த ஒருவரின் காலடித் தடம் பனியில் பதிந்து காட்டிக்கொடுத்துவிட்டது. குகை வாயிலில் தீ மூட்டினார்கள். உள்ளே புகை சூழ்ந்து 395 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள் என்று சொல்கிறார்கள். எண்ணிக்கையையும் ஆண்டையும் வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் 2016-ல் குகைக்குப் போன பயணிகள் சுமார் 50 மனித எலும்புகளைக் கண்டார்கள். பரிசோதனையில் அவை 1430-க்கும் 1620-க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று தெரிந்தது. கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலம் அதற்குள்தான் வருகிறது.

கொலையும் பகையும் உலகில் எல்லா ஊர் வரலாற்றிலும் உண்டு. எக் தீவை நான் முக்கியமானதாக நினைப்பதற்குக் காரணம் அதற்கு அப்புறம் நடந்தவை. அவற்றில் வாளோ தீயோ கிடையாது. எல்லாம் சொத்துப் பத்திரத்தின் வழியாகவே நடந்தன.

ஸ்காட்லாந்தின் மேட்டு நிலப் பகுதிகளில் ஒரு குலத்தின் தலைவரே நிலத்துக்கும் தலைவர். அவர் வாடகைக்கு விட்ட நிலத்தில்தான் குலத்தார் உழுதார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை அந்த உறவுக்குள் கொஞ்சமாவது கடமை இருந்தது. பிறகு தலைவர்கள் நிலவுடைமையாளர்களாக மட்டும் மாறினார்கள். கடன் ஏறியது, தீவுகள் விற்பனைக்கு வந்தன. எக் தீவை, அங்கே குலத் தலைவர்களாக இருந்த கிளான்ரனால்டு தலைமுறையினர் 1820-களில் அபர்டீனைச் சேர்ந்த ஒரு பேராசிரியருக்கு விற்றார்கள். அன்று முதல் ஏறத்தாழ 170 ஆண்டுகள் தீவு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. அங்கே நிலத்துக்குச் சொந்தக்காரரை 'லேர்டு' என்பார்கள். நம் சொல்லில் பண்ணையார்.

ஒரு தீவு முழுக்க ஒரே ஆளின் சொத்து என்றால் நடைமுறையில் என்ன அர்த்தம் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1843-ல் ஸ்காட்லாந்து திருச்சபை இரண்டாக உடைந்தது. சிறு தீவுகளின் போதகர் புதிய சுதந்திரச் சபையோடு போனார். அவருக்கு எக் தீவில் வீடு கட்ட இடம் கிடைக்கவில்லை. இடம் தர வேண்டியவர் நிலத்தின் சொந்தக்காரர், அவர் மறுத்துவிட்டார். போதகர் என்ன செய்தார்? பெட்ஸி என்ற சிறிய பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு தீவின் ஓரத்தில் நங்கூரம் பாய்ச்சி இருந்தார். 1844-ல் அந்தப் படகில் விருந்தாளியாக வந்தவர் ஹியூ மில்லர். கல் வெட்டும் தொழிலாளியாக இருந்து நிலவியல் ஆய்வாளராகப் பெயர் பெற்றவர். எக் கரையில் அவர் கண்டெடுத்தது பிளீசியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனத்தின் எலும்புகள். தீவின் புதைபடிவப் புகழ் அங்கே தொடங்குகிறது. அதைத் தொடங்கிவைத்த படகு அங்கே நின்றதற்குக் காரணம் ஒரு போதகருக்கு ஒரு மனை நிலம் மறுக்கப்பட்டதுதான்.

பத்து வருடம் கழித்து இன்னும் பெரிய அடி விழுந்தது. ஆன் ஸ்கூரின் தென்சரிவில், கடலைப் பார்த்தபடி, க்ரூலின் என்ற ஊர் இருந்தது. 1853-ல் அந்த நிலம் ஆட்டுப் பண்ணைக்குத் தேவைப்பட்டது. 14 குடும்பங்களின் ஊர் காலி செய்யப்பட்டது. பெரும்பாலோர் கப்பலேறி கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார்கள். 1841-ல் தீவில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். ஊர்கள் காலியாகி, மொழியும் மெலிந்து, 1990-களில் எண்ணிக்கை 65-ஐ ஒட்டி வந்து நின்றது. க்ரூலினில் இப்போதும் வீட்டுச் சுவர்களின் அடிக்கற்கள் சதுரம் சதுரமாகப் புல்லுக்குள் கிடக்கின்றன. எந்த அறையில் அடுப்பு இருந்திருக்கும் என்று ஊகிக்கும் அளவுக்குத் தெளிவாக.

மேட்டு நிலங்களில் நடந்த இந்த வெளியேற்றங்களுக்கு எதிராகப் போராட்டம் வலுத்து, 1886-ல் ஒரு சட்டம் வந்தது. கிராஃப்ட் எனப்படும் சிறு குத்தகை நிலத்தில் பயிர் செய்பவரை இனி நினைத்தபடி வெளியேற்ற முடியாது. வாடகை நியாயமாக இருக்க வேண்டும். நிலம் வாரிசுக்குப் போகும். பெரிய வெற்றிதான். கிளேடேலில் கிராஃப்ட் வைத்திருந்தவர்கள் பிழைத்தது இதனால்தான். ஆனால் இந்தப் பாதுகாப்பு கிராஃப்டுக்கு மட்டும். தீவின் மற்ற வீடுகளில், பண்ணை வேலை செய்துகொண்டோ வாடகை கொடுத்தோ இருந்தவர்களுக்கு எழுத்து மூலமான குத்தகைகூடப் பல நேரங்களில் கிடையாது. குத்தகைப் பத்திரம் இல்லாவிட்டால் வங்கி கடன் தராது. வீட்டைச் சரிசெய்ய அரசு மானியம் கேட்டாலும் கையில் பத்திரம் வேண்டும். சொந்தப் பணத்தில் கூரையை மாற்றினால், நாளைக்கு வெளியே போகச் சொன்னால் அந்தக் கூரையும் போச்சு. அதனால் யாரும் எதையும் சரிசெய்யவில்லை. வீடுகள் ஒழுகின, இளைஞர்கள் கிளம்பிப் போனார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்கள் 'தீவு வாழ்க்கை என்றாலே தேய்வுதான்' என்றார்கள். அந்தத் தேய்வுக்குக் கடலும் குளிரும் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதே கடலும் அதே குளிரும் இன்றும் அங்கே இருக்கின்றன.

1975-ல் தீவை வாங்கியவர் கீத் ஷெல்லன்பெர்க் என்ற தொழிலதிபர். தொடக்கத்தில் சுற்றுலா, புதிய வேலைகள் என்று நம்பிக்கை எழுந்தது. வருடங்கள் போகப்போக அவருக்கும் குடியிருப்பவர்களுக்கும் இடையே உரசல் முற்றியது. 1995-ல் அவர் தீவை மரூமா என்ற பெயரில் இயங்கிய ஒரு ஜெர்மானிய ஓவியருக்கு விற்றார். பெரிய திட்டங்கள் அறிவிக்கப்பட்டன, எதுவும் நடக்கவில்லை. பிறகு தெரியவந்தது, தீவையே ஈடாக வைத்துக் கடன் வாங்கப்பட்டிருந்தது என்று. மனிதர்கள் குடியிருக்கும் 31 சதுர கிலோமீட்டர் நிலம், அடகு வைத்த நகையைப் போல மறுபடி விலைக்கு வந்தது.

இந்த முறை வாங்க முன்வந்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள். தீவுவாசிகள் சங்கம், ஹைலேண்ட் கவுன்சில் என்ற உள்ளாட்சி மன்றம், ஸ்காட்டிஷ் வனவிலங்கு அறக்கட்டளை மூன்றும் சேர்ந்து எக் தீவு மரபு அறக்கட்டளையை அமைத்து ஊர் ஊராக நிதி கேட்டன. உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சிறு தொகைகள் அனுப்பினார்கள். மிகப் பெரிய பங்கைக் கொடுத்தவர் பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணி. அவர் யார் என்பது இன்றுவரை வெளியே வரவில்லை. 15 லட்சம் பவுண்டுக்குப் பேசி முடித்து, 1997 ஜூன் 12 அன்று தீவு கைமாறியது. அந்த நாளின் நினைவாகத் துறைக்குப் பக்கத்தில் ஒரு நடுகல் நிற்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் அந்தத் தேதியை ஒட்டி இசையும் நடனமுமாக இரவு விடியும்வரை கேய்லி என்ற கொண்டாட்டம் நடக்கும்.

சரி, நிலம் கைக்கு வந்ததும் முதலில் செய்தது என்ன? குடியிருந்தவர்களுக்கு முறையான குத்தகைப் பத்திரம் கொடுத்தார்கள். பத்திரம் வந்ததும் கடனும் மானியமும் வந்தன, கூரைகள் மாறின. 1998-லேயே துறையருகே ஆன் லைம்ரிக் என்ற கட்டடம் எழுந்தது. 'இறங்குதுறை' என்பதற்கான கேலிக் சொல் அது. கடை, தபால் நிலையம், தேநீர்க் கடை, கைவினைப் பொருள் விற்கும் இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

அடுத்த பெரிய மாற்றம் கடலோரத்தில். 2004-க்கு முன் பெரிய படகு கரைக்கு வர முடியாது. தூரத்தில் நிற்கும், தீவிலிருந்து ஒரு சிறு படகு போய் ஆட்களையும் சரக்கையும் மாற்றி ஏற்றிக்கொண்டு வரும். அலையில் ஆடும் இரண்டு படகுகளுக்கு நடுவே சிமென்ட் மூட்டை, நிலக்கரி, பால் பவுடர், குழந்தை, பாட்டி, எல்லாரையும் எல்லாவற்றையும் கை மாற்ற வேண்டும். 2004-ல் புதிய துறை கட்டி முடித்ததும் லாக்னெவிஸ் என்ற படகு நேரே வந்து அணையத் தொடங்கியது. வாகனத்தை இறக்க வழி வந்த பிறகும் வெளியூர்க்காரர்கள் கார் கொண்டுவர அனுமதியில்லை. துறையிலிருந்து கிளேடேல் வரை ஒற்றைச் சாலைதான். நடக்கலாம், சைக்கிள் எடுக்கலாம்.

அப்புறம்தான் மின்சாரம். எக் ஒருபோதும் நாட்டின் மின் தொகுப்போடு இணைந்ததில்லை. பெரும்பாலான வீடுகளில் தனி டீசல் ஜெனரேட்டர். படகில் வரும் டீசல், வாசலில் ஓயாத இரைச்சல், இரவானால் நிறுத்திவிட்டு மெழுகுவர்த்தி. கடலடியில் கம்பி போட்டால் பல லட்சம் பவுண்டு ஆகும். தாங்களே தயாரிப்பது என்று முடிவு செய்தார்கள். 2008 பிப்ரவரி 1 அன்று எக் எலெக்ட்ரிக் ஓடத் தொடங்கியது.

அமைப்பு எளிமையாக யோசிக்கப்பட்டது. லேய்க்கில் ஓடையிலிருந்து 100 கிலோவாட் நீர்மின் நிலையம். இன்னும் இரண்டு சிறிய நீர்மின் பொறிகள். தலா 6 கிலோவாட் திறனுள்ள நான்கு காற்றாலைகள். சூரியத் தகடுகள் முதலில் 10 கிலோவாட், பின்னால் பல மடங்கு கூட்டினார்கள். குளிர்காலத்தில் மழையும் காற்றும் இருக்கும், வெயில் இருக்காது. கோடையில் ஓடை வற்றும், பகல் நீளும். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற கணக்கு. நடுவே பெரிய பேட்டரி அடுக்கு. எல்லாமே கைவிட்டால் டீசல். 11 கிலோமீட்டர் கம்பி முழுக்கத் தரைக்கடியில். ஆண்டுக் கணக்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இயற்கையிலிருந்தே கிடைக்கிறது.

இப்போது அந்த 5 கிலோவாட்டுக்கு வருவோம். நூறு பேர் ஊரில் எல்லாரும் ஒரே மாலையில் ஹீட்டரைப் போட்டால் பேட்டரி தாங்காது. அதற்கேற்பப் பெரிய நிலையம் கட்டினால் செலவு தாங்காது. உச்சத்தைக் கட்டுப்படுத்தினால் சின்ன நிலையமே போதும். எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்பதில் தடையில்லை, ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதில் மட்டும்தான் அளவு. மழையும் காற்றும் மிகுந்த நாட்களில் மின்சாரம் மிஞ்சும். அதை வீணாக்காமல் ஊர்க் கூடத்திலும் தேவாலயங்களிலும் இருக்கும் ஹீட்டர்களுக்குத் திருப்பிவிடுகிறார்கள். புயல் அடிக்கும் இரவில் ஊர்க் கூடம் கதகதப்பாக இருப்பது அந்தப் புயலால்தான். இதைப் பார்க்கவும் கற்றுக்கொள்ளவும் மின் தொகுப்பு எட்டாத பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து போகிறார்கள்.

இதே திட்டத்தை ஒரு லேர்டு போட்டிருக்க முடியாதா என்று கேட்கலாம். போட்டிருக்கலாம். ஆனால் வாஷிங் மெஷினை இப்போது போடாதே என்று ஒரு நிலவுடைமையாளர் சொல்லியிருந்தால் அந்தத் தீவில் யார் கேட்டிருப்பார்கள்? தாங்களே கூட்டத்தில் கை தூக்கி ஏற்ற அளவு என்பதால் அது நிற்கிறது. இந்த விஷயத்தில் தொழில்நுட்பத்தைவிட அந்தக் கூட்டம்தான் பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குறைகளும் இருக்கின்றன. மக்கள் தொகை நூறைத் தாண்டிவிட்டதில் வீடு கிடைப்பது சிரமம். வர விரும்புகிறவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தீவில் ஆரம்பப் பள்ளி உண்டு. அதைத் தாண்டினால் பிள்ளைகள் மாலேக் போய் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். பதினொரு, பன்னிரண்டு வயதில் வாரம் முழுக்க வீட்டைப் பிரிவது அந்தக் குடும்பங்களுக்கு லேசான விஷயமில்லை. புயல் என்றால் படகு வராது, கடை அலமாரி காலியாகும். ஒருவருக்கே மூன்று நான்கு வேலை: காலையில் தபால், மதியம் மரம் நடுதல், மாலையில் மின் நிலையத்தைச் சரிபார்த்தல். கூட்டங்கள் நீளும், சண்டையும் வரும். சண்டை போட்டவரிடமே மறுநாள் பால் வாங்க வேண்டும். கேலிக் மொழி ஒரு காலத்தில் தீவு முழுக்கப் பேசப்பட்டது. 1776-ல் இங்கே லேய்க்கில் வாழ்ந்த ரனால்டு மக்டொனால்டு என்பவர் தொகுத்து அச்சிட்ட கேலிக் கவிதைத் திரட்டு அந்த மொழியின் முன்னோடித் தொகுப்புகளில் ஒன்று. அந்தச் செழிப்பை நிலம் மீண்டதுபோல் மீட்பது எளிதாக இல்லை.

எக்கில் நடந்தது அந்தத் தீவோடு நிற்கவில்லை. 2002-ல் கீகா தீவு மக்கள் தங்கள் தீவை வாங்கினார்கள். 2003-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து, நிலம் விற்பனைக்கு வரும்போது அங்கே வாழும் சமூகம் முதலில் வாங்கும் உரிமையைத் தந்தது. 2018-ல் உல்வா தீவும் அப்படியே. ஆனாலும் சமூகங்களின் கையிலிருப்பது ஸ்காட்லாந்து நிலத்தில் சுமார் 3 சதவீதம்தான். தனியார் கிராமப்புற நிலத்தில் பாதி, ஐந்நூறுக்கும் குறைவான உடைமையாளர்களின் கையில் இருக்கிறது.

நான்கு காற்றாலைகளையும் எங்கே நிறுத்தினார்கள் என்று சொல்லவில்லையே. ஆன் ஸ்கூரின் தென்சரிவில், கடற்காற்று நேராக வந்து மோதும் க்ரூலினில். 1853-ல் காலியான வீடுகளின் அடிக்கற்கள் கிடக்கும் அதே சரிவு. அங்கே பிடிக்கும் காற்று தரைக்கடிக் கம்பி வழியே தீவைக் கடந்து போய், கிளேடேலில் யாரோ ஒருவரின் கெட்டிலைக் கொதிக்கவைக்கிறது.